அமைப்பை நிறுவியவர் தனிநபர் பயிற்றுநர் ஆகும்போது

திருக்கோவிலிலிருந்து எழுதியிருக்கும் தங்கைக்கு,

உங்கள் கேள்வியை, இதை வாசிக்கப்போகும் மற்றவர்களுக்காக முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர் சொல்லிச் சொல்லியே துரத்தப்பட்ட உங்கள் தம்பி, தரம் 9 உடன் படிப்பை விட்டார். அந்தக் கோபத்தில் 2016இல் நான்கு நண்பிகளோடு ஓர் அமைப்பைத் தொடங்கினீர்கள், பிரதேச செயலகத்தில் பதிவு செய்தீர்கள், அக்கரைப்பற்று முதல் பொத்துவில் வரையுள்ள பாடசாலைகளில் இந்தக் கொடுமைக்கு எதிராகப் பேச்சும் வீதி நாடகமும் நடத்தினீர்கள். 2022இன் பொருளாதார நெருக்கடியோடு நிதி வற்றியது. நண்பிகளில் இருவர் திருமணமாகிப் போனார்கள், இருவர் வெளிநாடு போனார்கள். இப்போது அமைப்பு என்று மிஞ்சியிருப்பது நீங்களும் ஓர் ஒலிபெருக்கிப் பெட்டியுமே. ஆனாலும் உங்கள் தொலைபேசி ஓயவில்லை. தாய்மாரும் ஆசிரியர்களும் தனித்தனியாக உங்களைத் தேடுகிறார்கள். இதைக் கண்ட ஒருவர், “தனிநபர் பயிற்றுநராகுங்கள், கட்டணம் வாங்குங்கள்” என்று சொல்லியிருக்கிறார். ஒருவரோடு தனியாக இருந்து, கேள்விகள் கேட்டு, அவர் தன் பதிலைத் தானே தேட உதவும் “கோச்” வேலையைத்தான் சொல்கிறார். இது தொடங்கிய வேலைக்குச் செய்யும் துரோகமா, இல்லையென்றால் எப்படிச் செய்வது, என்ன படிக்க வேண்டும், பெயரட்டையில் என்ன அச்சிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் இதே வழியால் நடந்தவள். 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை இலங்கையிலேயே அதிக உயிர்களைக் கொண்டுபோனது உங்கள் அம்பாறை மாவட்டத்தில். வடக்கே எங்கள் மட்டக்களப்பும் தப்பவில்லை. அடுத்த இரண்டு வருடங்களில் கல்லடியிலிருந்து பொத்துவில் வரை வீதியோரமெங்கும் நிறுவனங்களின் பெயர்ப்பலகைகள் முளைத்தன. மூன்று நாள் பயிற்சி ஒன்றைக் கொடுத்து என்னைப் போன்ற பலரை உளவளத்துணையாளர் என்று கிராமங்களுக்கு அனுப்பினார்கள். அப்படித் தொடங்கியவள் பின்னர் பாடசாலைகளில் பிள்ளைகள் பிள்ளைகளுக்குச் செய்யும் கொடுமைக்கு எதிராகச் சிறிய அமைப்பு ஒன்றை நிறுவி, ஒன்பது வருடம் நடத்தி, வேறு கைகளில் கொடுத்துவிட்டு, இப்போது தனிநபர்களுக்குப் பயிற்றுநராக இருக்கிறேன். அறிவுரை என்று இதில் வருவதில் பாதி, நான் பிழைவிட்டு அறிந்தது.

துரோகம் என்ற சொல்லை ஒரு பக்கம் வையுங்கள். பத்து வருடம் சம்பளமில்லாமல் ஓடிய ஒருவர் தன் திறமையால் சோறு உண்ண நினைப்பதில் துரோகம் எதுவும் இல்லை. நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. அமைப்பாக இருந்தபோது நீங்கள் வகுப்பறையைப் பார்த்துப் பேசினீர்கள். பயிற்றுநராக ஆனதும் அந்த வகுப்பறையால் அடிபட்ட பிள்ளையை மட்டும் எதிரே இருத்தி, “தன்னம்பிக்கையை வளர்த்துக்கொள், நிமிர்ந்து நட, பதிலடி கொடுக்கப் பழகு” என்று கட்டணத்துக்குச் சொல்லத் தொடங்கிவிடுவீர்களோ என்பதே என் அச்சம். அப்படிச் செய்தால் வகுப்பறையின் குற்றம் பிள்ளையின் குறையாகிவிடும், அந்தக் குறையைத் திருத்தும் செலவும் பிள்ளையின் தாயின் தலையில் விழும்.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டுமல்ல. இத்துறையின் ஐம்பது வருட ஆய்வு காட்டும் திசையும் இதுதான். 1970களில் இதை முதன்முதலாக முறையாக ஆராய்ந்த டான் ஒல்வியஸ், கொடுமைப்படுத்தலுக்கு மூன்று அடையாளங்களைச் சொன்னார்: வேண்டுமென்றே செய்யப்படுவது, திரும்பத் திரும்ப நிகழ்வது, இரு தரப்புக்கும் இடையே பலத்தில் ஏற்றத்தாழ்வு இருப்பது. மூன்றாவதைக் கவனியுங்கள். பலம் சமமில்லாத இடத்தில் பலமற்றவருக்குத் தைரியம் கற்பிப்பது, வள்ளத்தில் ஓட்டையை விட்டுவிட்டுப் பயணிக்கு நீச்சல் பழக்குவதற்குச் சமம். நோர்வேயில் 1982இல் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டதற்குப் பாடசாலைக் கொடுமையே காரணமாக இருந்திருக்கலாம் என்று அறியப்பட்டபோது, அந்நாட்டு அரசு 1983இல் நாடளாவிய இயக்கத்தைத் தொடங்கியது. அதன் பகுதியாக ஒல்வியஸ் பேர்கன் நகரில் சுமார் 2,500 மாணவரிடையே நடத்திய திட்டத்தில் கொடுமை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அங்கே செய்தது என்ன? இடைவேளையில் மைதானத்தைக் கண்காணித்தார்கள், வகுப்பு விதிகளை மாணவரோடு சேர்ந்து எழுதினார்கள், பெற்றோரை அழைத்துப் பேசினார்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையைத் திருத்துவது அந்தத் திட்டத்தின் மையமாக இருக்கவில்லை. பின்னர் பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சல்மிவல்லி உருவாக்கிய கிவா என்ற திட்டம் இன்னும் ஒருபடி போய், வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளையே முதன்மையாக எடுத்துக்கொண்டது. சிரிப்பவர் இல்லாவிட்டால் பட்டப்பெயர் ஒரு கிழமைகூட நிலைக்காது என்பது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்த எவருக்கும் தெரிந்ததுதான். 2007இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், இளஞ்சிவப்புச் சட்டை அணிந்து வந்த இளைய மாணவன் ஒருவன் கேலிசெய்யப்பட்டபோது, மேல்வகுப்பு மாணவர் இருவர் அதே நிறச் சட்டைகளை வாங்கிவந்து சக மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். அந்தப் பையனுக்கு யாரும் தன்னம்பிக்கை வகுப்பு எடுக்கவில்லை.

இடையில் ஒன்று. எங்கள் மொழியில் இதற்கு நிலைபெற்ற சொல் ஒன்று இல்லாததும் ஒரு தடையாகவே இருந்திருக்கிறது. பகிடிவதை என்றால் எல்லோருக்கும் பல்கலைக்கழகந்தான் நினைவுக்கு வரும். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டமும் அந்தச் சொல்லை அப்படியே நிலைநாட்டிவிட்டது. வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் படிக்கப்போகும் பிள்ளைகளுக்கு அச்சட்டத்தை விளக்குவது எளிது, ஏனென்றால் பகிடிவதை நிரூபிக்கப்பட்டால் இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை என்று அதில் எழுதியிருக்கிறது. தரம் 7 பிள்ளையின் புத்தகப்பையை ஒவ்வொரு நாளும் கிணற்றடியில் ஒளித்துவைப்பதற்கு எங்களிடம் உள்ள சொல் “பகிடி” மட்டுமே. பகிடி என்று பெயர் வைத்தபின் அதைப் பற்றி முறைப்பாடு செய்பவர் சிரிக்கத் தெரியாதவர் ஆகிவிடுகிறார்.

நான் பயிற்றுநராகத் தொடங்கிய முதல் வருடத்தில் படுவான்கரையிலிருந்து ஒரு தாய் வந்தார். வாவிக்கு அப்பாலிருந்து பஸ்ஸில் நகரப் பாடசாலைக்கு வந்து படிக்கும் மகன், தரம் 8. அவன் பேச்சைப் போலிசெய்து, அவன் தகப்பனின் மாட்டுப்பட்டியை வைத்து ஒரு பெயரும் சூட்டியிருந்தார்கள். “புள்ள ஒவ்வொரு திங்களும் வயித்துவலி எண்டு படுக்கிறான். அவனுக்குக் கொஞ்சம் தைரியம் வாற மாதிரிக் கதைச்சு விடுங்க” என்றார். கையில் ஒரு கடித உறைக்குள் காசும் கொண்டுவந்திருந்தார். அந்தக் காசு எனக்கு அன்று தேவைப்பட்டது என்பதையும் மறைக்கவில்லை.

பையனோடு அரைமணி நேரம் பேசினேன். அவனிடம் குறை எதுவும் இல்லை. சொல்லப்போனால் ஒவ்வொரு செவ்வாயும் அந்த வகுப்புக்குத் திரும்பிப் போகும் ஒருவனுக்கு நான் எந்தத் தைரியத்தைக் கற்பிப்பது? உறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வகுப்பாசிரியரைச் சந்திக்கத் தாயோடு கூடப்போனேன். அந்த ஆசிரியை கெட்டவர் அல்லர். நாற்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், முடிக்க வேண்டிய பாடத்திட்டம், வீட்டில் கைக்குழந்தை. வகுப்பில் ஒருநாள் அந்தப் பட்டப்பெயரைக் கேட்டு அவரும் சிரித்திருக்கிறார். அதற்குப் பிறகு அதைத் தடுக்கும் உரிமை தனக்கு இல்லாமல் போய்விட்டதாக உணர்ந்திருக்கிறார். நான் பயிற்றுநராக வேலை செய்தது அவரோடுதான், ஆறு அமர்வுகள். என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. “அந்த வகுப்பில் உங்கள் சொல்லுக்கு எங்கே மதிப்பு இருக்கிறது, எங்கே இல்லை?” என்று தொடங்கி, கேள்விகளையே கேட்டேன். மூன்றாவது அமர்வில் அவரே, அந்தச் சிரிப்புக்காகப் பையனிடம் வகுப்பின் முன்னால் மன்னிப்புக் கேட்கப்போவதாகச் சொன்னார். வேண்டாம், தனியாகக் கேட்டால் போதாதா என்று எனக்குத் தோன்றியது, வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டார். அதன் பிறகு வகுப்பில் நடந்தவை சின்னச் சின்ன விடயங்கள்: இருக்கை மாற்றம், பஸ்ஸிலிருந்து இறங்கும் பிள்ளைகளோடு நகரப் பிள்ளைகள் இருவர் நடந்துவருவது. பையன் இப்போது உயர்தரம் படிக்கிறான்.

உங்கள் மாற்றத்தின் சரியான வடிவம் இதுதான் என்று நினைக்கிறேன். பிள்ளைகளுக்காக அமைப்பு, வளர்ந்தவர்களுக்காகப் பயிற்றுநர். ஆசிரியர்கள், அதிபர்கள், பிள்ளையின் பிரச்சினையை எப்படிப் பேசுவதென்று தெரியாமல் கத்திவிடும் தகப்பன்மார், வேலைத்தலத்தில் மேலாளரின் ஏளனத்தைச் சகிக்கும் இளம் பெண்கள், சிறுவயதில் அனுபவித்ததை இருபத்தைந்து வயதிலும் நேர்முகத்தேர்வு அறைக்குள் சுமந்துபோகும் பட்டதாரிகள்: இவர்களுக்கு ஒரு பயிற்றுநரால் உண்மையாகவே பயன் உண்டு. இவர்கள் கையில் தாங்களே எடுக்கக்கூடிய முடிவுகள் இருக்கின்றன. பிள்ளையின் கையில் அது இல்லை. ஒரு பிள்ளை உங்களிடம் வந்து வீட்டிலோ பள்ளிக்கூடத்திலோ துன்புறுத்தப்படுவதாகச் சொன்னால் அதைப் பயிற்சி அமர்வு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கமும், உங்கள் பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் அதற்காகவே இருக்கிறார்கள்.

“கோச்” என்ற சொல் எங்கள் பாட்டிமாரின் காதில் விழுந்தால் கோச்சி என்றுதான் கேட்கும். கொழும்பிலிருந்து இரவிரவாக வந்து விடியற்காலையில் மட்டக்களப்பில் நிற்கும் ரயில், அதே கோச்சி. வேடிக்கை என்னவென்றால் பாட்டி சொல்வது பிழையில்லை. ஹங்கேரியின் கோச் என்ற ஊரில் செய்யப்பட்ட குதிரை வண்டிக்கு அந்த ஊர்ப்பெயர் வந்தது, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒக்ஸ்போர்ட் மாணவர்கள் தங்களைப் பரீட்சையில் கரைசேர்க்கும் தனியாசிரியரைக் கிண்டலாக அப்படி அழைத்தார்கள். ஆகவே முதலில் அது மாணவனை ஏற்றிச்செல்பவரைக் குறித்த சொல். இன்றைய பயிற்றுநர் எவரையும் ஏற்றிச்செல்வதில்லை. அமைப்பை நிறுவியவர்களுக்கு மிகக் கடினமாக இருப்பது இந்த இடந்தான், ஏனென்றால் பத்து வருடமாக நாங்கள் செய்ததெல்லாம் ஏற்றிச்செல்வதே. அழைப்பு வந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடிய கால்களை ஓரிடத்தில் மடித்து வைத்துக்கொண்டு, எதிரே இருப்பவர் தன் பதிலைத் தானே தேடும் வரை மௌனமாக இருப்பது எனக்கு இரண்டு வருடமாக வரவில்லை.

இனி, நான் விட்ட பெரிய பிழையைச் சொல்ல வேண்டும். அமைப்பை நடத்திய காலத்தில் நிதி வழங்குநர்கள் கலந்துகொண்ட ஒரு கூட்டத்தில், நாங்கள் உதவிய ஒரு சிறுவனின் கதையைச் சொன்னேன். பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை, பாடசாலை சொல்லவில்லை. தகப்பன் என்ன தொழில் செய்தார் என்பதையும், அவர் எந்த வருடத்தில் காணாமற்போனார் என்பதையும் மட்டும் சொன்னேன், அதுதான் கேட்பவர் நெஞ்சைத் தொடும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. மண்டபத்தில் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தவர் அந்தச் சிறுவனின் ஊர்க்காரர். எங்கள் பகுதியில் ஒருவரை அடையாளம் காணப் பெயர் தேவையில்லை. எந்த ஊர், எந்தக் குடி, தகப்பன் யார் என்பதில் ஒன்று கிடைத்தால் போதும். இரண்டு நாளில் கதை ஊருக்குப் போய்விட்டது. நாங்கள் காப்பாற்றியதாகச் சொன்ன பிள்ளைக்கு நாங்களே ஒரு புதிய பட்டப்பெயரைச் சம்பாதித்துக் கொடுத்திருந்தோம். அவன் தாய் என் வீட்டு வாசலில் வந்து நின்று ஏசவில்லை. “நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பீங்க” என்றார். அந்த வருடம் எங்களுக்கு நிதி கிடைத்தது.

அமைப்பை நடத்துபவரின் கருவி கதை. தன் கதை, தம்பியின் கதை, உதவி பெற்றவரின் கதை. அது இல்லாமல் மனங்களும் பணப்பைகளும் திறப்பதில்லை. பயிற்றுநருக்கோ அந்தக் கருவியைத் தொட அனுமதியே இல்லை. உங்கள் எதிரே ஒரு தகப்பன் இருந்து தன் மகனைப் பற்றிப் பேசும்போது, “என் தம்பிக்கும் இப்படித்தான் நடந்தது” என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொன்ன மறுகணமே அந்த அறையில் பேசப்படும் பிள்ளை அவருடைய மகனாக இருக்காது, உங்கள் தம்பியாகிவிடும். உங்கள் தம்பியின் காயம் உங்களுக்குள் ஆறாமல் இருக்குமானால், பயிற்றுநராவதற்கு முன் அதற்காக நீங்களே ஓர் உளவளத்துணையாளரிடம் போய்வருவது நல்லது. நான் போனேன். காயத்தைப் பேசவைக்காமலே ஆற்றுவதற்கு எங்கள் ஊரில் முன்மாதிரிகள் உண்டு: போர் நடந்துகொண்டிருந்த 1996இல் மட்டக்களப்பில் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில், தமிழ், முஸ்லிம் கிராமங்களின் பிள்ளைகள் வண்ணத்தோடும் களிமண்ணோடும் கதையோடும் பொழுதைக் கழித்தார்கள். என் பழைய அமைப்பின் அறிக்கைகளை வாசிக்கும்போது, பிள்ளைகளைப் பேசவைத்தே ஆகவேண்டும் என்ற எங்கள் அவசரம் இப்போது வெட்கம் தருகிறது.

படிப்பைப் பற்றி. தனிநபர் பயிற்றுநர் என்று பெயர்ப்பலகை மாட்ட இலங்கையில் உரிமப்பத்திரம் எதுவும் தேவையில்லை. அதனாலேயே கவனம் தேவை. உலகளவில் அதிகம் மதிக்கப்படுவது 1995இல் நிறுவப்பட்ட சர்வதேசப் பயிற்றுநர் கூட்டமைப்பின் தகுதிச்சான்று. அதன் முதற்படிக்கு ஆகக் குறைந்தது 60 மணிநேரப் பயிற்சியும் 100 மணிநேர அமர்வு அனுபவமும் வேண்டும். அடுத்த படிக்கு 125 மணிநேரப் பயிற்சி, 500 மணிநேர அனுபவம். வழிகாட்டும் மூத்த பயிற்றுநரோடு பத்து மணிநேரமும் இருக்க வேண்டும். பயிற்சியை இணையவழியில் பெறலாம், கட்டணம் பெரும்பாலும் டொலரில். 2022இன் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர் சில மாதங்களில் 350ஐத் தாண்டியபின், இது எங்களுக்குச் சின்னத் தொகை அல்ல. ஆகவே கடன்பட்டு உடனே சேராதீர்கள். முதலில் ஆறு மாதம், நம்பிக்கையான இரண்டு மூன்று ஆசிரியர்களோடு கட்டணமின்றி வேலை செய்து பாருங்கள். மௌனமாகக் கேட்பது உங்களுக்கு ஒத்துவருமா என்பது அதில் தெரிந்துவிடும். மூன்று நாளில் சான்றிதழும் கழுத்தில் தொங்கவிட ஓர் அட்டையும் தரும் பயிற்சிகளை நான் 2005இலேயே போதுமான அளவு பார்த்துவிட்டேன்.

உளவளத்துணை, மனநல மருத்துவம், பயிற்றுநர் பணி மூன்றும் வெவ்வேறு. ஒருவர் பல கிழமைகளாக நித்திரையில்லாமல் இருக்கிறார், சாப்பாடு இறங்கவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்கிறார் என்றால், அன்றைய அமர்வை அந்த இடத்தில் நிறுத்தி அவரை ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போக வேண்டும். இரவானால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை அழைக்க வேண்டும். இந்த எல்லையைக் கடந்து “நானே பேசிச் சரிசெய்துவிடுவேன்” என்று நிற்பவர்களை எங்கள் மாவட்டத்தில் கண்டிருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள், அதுவே ஆபத்து.

அமைப்பை என்ன செய்வது என்பதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். அதைச் சும்மா விட்டுவிட்டு நடக்காதீர்கள். பதிவை எடுத்தபோது கொடுத்த யாப்பை, அதாவது அமைப்பின் விதிகளை, எடுத்து வாசியுங்கள். கலைக்கப்பட்டால் சொத்துகள் எங்கே போகும் என்று அதில் ஒரு பிரிவு இருக்கும், பெரும்பாலும் அதே நோக்கமுள்ள இன்னொரு அமைப்புக்கு. பொதுக்கூட்டத்தைக் கூட்டி, கணக்கைக் காட்டி, தீர்மானத்தைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். நான்கு பேர் கிடைத்தால் கலைக்காமல் கையளிப்பது இன்னும் நல்லது; உங்கள் நாடகங்களில் நடித்த பிள்ளைகள் இப்போது இருபது வயதைத் தாண்டியிருப்பார்கள், அவர்களைக் கேட்டுப் பாருங்கள். நிறுவியவரையும் நிதியையும் மட்டும் நம்பி நிற்கும் அமைப்புகள் பெரிய நாடுகளிலும் விழுந்திருக்கின்றன: பிரித்தானியாவில் 1999இல் தொடங்கி நாடறிந்த பெயராக வளர்ந்த பீட்புல்லியிங் என்ற தொண்டு நிறுவனம் 2014இல் பணமின்றி மூடப்பட்டது. அதே நாட்டில் 1985இல் மிஷெல் எலியட் தொடங்கிய கிட்ஸ்கேப், நிறுவியவர் விலகிய பின்னும் நடக்கிறது.

ஒலிபெருக்கிப் பெட்டி அமைப்பினுடையது, அதை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். அதைவிட முக்கியம், பிள்ளைகளின் விபரங்கள் எழுதிய கோவைகள். அவை உங்கள் புதிய தொழிலுக்கான வாடிக்கையாளர் பட்டியல் அல்ல. தனிநபர் தரவுகளுக்கென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் ஒன்றும் இப்போது இருக்கிறது; சட்டம் இல்லாவிட்டாலும், உதவி கேட்டு வந்த தாயின் தொலைபேசி எண்ணுக்குக் கட்டண விபரத்தை வட்ஸ்அப்பில் அனுப்புவது அசிங்கமான வேலை. புதிய தொழிலுக்குப் பிரதேச செயலகத்தில் தனியாள் வியாபாரப் பெயர்ப் பதிவு செய்யுங்கள், தனி வங்கிக் கணக்கு, தனித் தொலைபேசி எண். அமைப்பின் பெயரில் ஒரு சொல்லைக்கூடப் புதிய பெயரில் சேர்க்க வேண்டாம்.

கட்டணம் கேட்பது கூச்சமாக இருக்கும். எங்கள் ஆட்கள் மூன்று பாடத்துக்கு மூன்று இடத்தில் ரியூசன் காசு கட்டுவார்கள், அதில் ஒரு மாதமும் பிந்த மாட்டார்கள். ஒரு மணிநேரம் ஒருவர் கவனமாகக் கேட்டதற்குக் காசா என்று மலைப்பார்கள். மேலும் நீங்கள் “அந்தச் சேவை செய்யிற புள்ள”. நான் கண்ட வழி, முதல் அழைப்பிலேயே தொகையைச் சொல்லிவிடுவது. சொல்லாமல் இரண்டு அமர்வு நடத்திவிட்டு மூன்றாவதில் தயங்கித் தயங்கிக் கேட்பதே இருவருக்கும் அவமானம். கட்ட முடியாதவருக்குக் குறையுங்கள், ஆனால் எத்தனை பேருக்கு என்று மாதத் தொடக்கத்தில் முடிவெடுங்கள். இல்லாவிட்டால் ஒரு வருடத்தில் மறுபடியும் சம்பளமில்லாத அமைப்பு ஒன்றை நடத்திக்கொண்டிருப்பீர்கள், இந்த முறை நிர்வாக சபையும் இல்லாமல்.

சிறிய இடத்தில் இரகசியம் காப்பது தனிக் கலை. எங்கே சந்திப்பது என்பதே முதல் கேள்வி. கடற்கரை, தேநீர்க்கடை, கோயில் மண்டபம் எதுவும் சரிவராது. உங்கள் வீட்டு வாசலில் பழக்கமில்லாத ஒரு மோட்டார் சைக்கிள் மூன்று வெள்ளிக்கிழமை நின்றாலே அயலுக்கு ஒரு கதை பிறந்துவிடும். அதனால் நான் பலரோடு தொலைபேசியிலேயே வேலை செய்கிறேன், சிலர் வயலுக்குப் போகும் வழியில் நின்று பேசுகிறார்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கில் உங்களிடம் வரும் மூவரையாவது நீங்கள் காண்பீர்கள். நான் வைத்திருக்கும் விதி, அவர்கள் முதலில் சிரித்தால் நான் சிரிப்பது, இல்லையென்றால் காணாததுபோலப் போவது. இதை முதல் அமர்விலேயே அவர்களிடம் சொல்லிவிடுகிறேன். நான் அப்படிச் சொல்லாமல் விட்ட ஒருவர், “அக்கா பெருமை பிடித்தவர்” என்று ஊரெல்லாம் சொன்னார். இரகசியத்தை உடைக்காமல் விளக்கித் தப்ப முடியாத அவதூறு அது. கேட்டுக்கொண்டு இருந்துவிட்டேன்.

இழப்பையும் சொல்லிவிடுகிறேன். மேடை போய்விடும். பரிசளிப்பு விழாவில் பெயர் வாசிக்க மாட்டார்கள். உங்களால் ஒரு வாழ்க்கை திரும்பியிருந்தாலும் அதை நீங்கள் எங்கும் சொல்ல முடியாது, அவரும் சொல்ல மாட்டார், ஏனென்றால் நல்ல பயிற்றுநரிடம் வந்தவர் தானாகவே அதைச் செய்ததாக நினைப்பார், அது உண்மையுங்கூட. மாலை ஆறு மணிக்குத் தொலைபேசி அடிக்காத நாட்களில் நான் பழைய அமைப்பின் காரியாலயத்தைக் கடந்து வேண்டுமென்றே சைக்கிளில் போயிருக்கிறேன்.

பெயரட்டையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். “நிறுவுநர்” என்ற சொல்லைப் போடலாமா, “முன்னாள் நிறுவுநர்” என்று போடுவதா என்று. முன்னாள் நிறுவுநர் என்று ஒன்று இல்லை, நிறுவியவர் நிறுவியவர்தான். ஆனாலும் அதை அட்டையில் போட வேண்டாம், அதைக் கண்டு வருபவர் தொண்டு தேடி வருவார். பெயரும் புதிய தொலைபேசி எண்ணும் மட்டும் போதும். ஐந்நூறு அச்சடிக்காதீர்கள், ஐம்பது போதும், ஒரு வருடத்தில் நீங்கள் செய்வதற்கு நீங்களே வேறொரு பெயர் வைத்திருப்பீர்கள். இன்றிரவு அந்தத் தாய்மாரில் ஒருவர் அழைத்தால், பிள்ளையைக் கூட்டிவரச் சொல்லாமல், வகுப்பாசிரியர் யார் என்று முதலில் கேளுங்கள்.